டோக்கியோவில் தனியாக முதல் மூன்று நாள்: ஒரு நிலையம், ஒரு தடம், ஒரு கடை

தனியாக டோக்கியோவுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு போய் இறங்குகிறார்கள். பார்க்க வேண்டிய 20 இடம், சாப்பிட வேண்டிய 15 கடை. நானும் அப்படித்தான் போனேன். இரண்டாம் நாள் மாலை ஷின்ஜுகு நிலையத்துக்குள் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டு, எந்தப் பக்கம் நடந்தால் வெளியே போகலாம் என்று புரியாமல் முக்கால் மணி நேரத்தைத் தொலைத்தேன். பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தது அப்போதுதான்.

டோக்கியோவுக்கு நடு என்று ஒன்று கிடையாது. 23 நகர வார்டுகள் இருக்கின்றன. ஷின்ஜுகு, ஷிபுயா, உவேனோ, இக்கேபுக்குரோ ஒவ்வொன்றும் தனித்தனி ஊர் மாதிரி, ஒரு ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்து நிற்கிறது. ஆகவே "நகரத்தைத் தெரிந்துகொள்கிறேன்" என்று கிளம்பினால் கால் வலிதான் மிச்சம். முதல் மூன்று நாளில் ஒரு நிலையம், ஒரு ரயில் தடம், ஒரு கடை ஆகிய மூன்றையும் பழகிக்கொள்ளுங்கள். போதும். இந்தக் கட்டுரை அதற்கான வழிமுறை.

கிளம்பும் முன்பு: எந்த நிலையம்?

ஹோட்டல் தேடும்போது அறையின் படத்தைவிட நிலையத்தின் பெயரை முதலில் பாருங்கள். யமனோதே என்ற வட்டத் தடம் டோக்கியோவின் முக்கியமான பகுதிகளைச் சுற்றி ஓடுகிறது. மொத்தம் 34.5 கிலோமீட்டர், 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த வளையத்தில் உள்ள ஏதாவது ஒரு நிலையத்திலிருந்து ஏழெட்டு நிமிட நடையில் தங்குங்கள். வளையத்துக்கு வெளியே பாதி விலைக்கு அறை கிடைத்தாலும், முதல்முறை தனியாகப் போகிறவருக்கு அது லாபமில்லை என்பது என் கருத்து. இரவு பத்து மணிக்குக் களைத்துத் திரும்பும்போது ஒரு ரயில் மாறுவதுகூடப் பெரிய வேலையாகத் தெரியும்.

ஷின்ஜுகுவும் ஷிபுயாவும் பார்க்க நல்ல இடங்கள். தங்க வேறு இடம் பாருங்கள். கூட்டமும் அதிகம், வாடகையும் அதிகம். வளையத்தின் கிழக்கு, வடக்குப் பக்கம் உள்ள உவேனோ, ஒக்காச்சிமாச்சி, நிப்போரி, ஓத்சுகா போன்ற நிலையங்கள் சிறியவை, அல்லது குறைந்தபட்சம் பிடிபடக்கூடியவை. நான் நிப்போரியில் தங்கினேன். அதனால் கீழே வரும் உதாரணங்களில் அதுதான் அடிக்கடி வரும். உங்கள் நிலையத்தை அந்த இடத்தில் பொருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தனி ஆளுக்குப் பிசினஸ் ஹோட்டல் என்ற வகை ஏற்றது. அறை கைக்குட்டை அளவுதான், ஆனால் சுத்தமாக இருக்கும், குளியலறை தனியாக இருக்கும். படுக்க மட்டும் இடமுள்ள சின்னக் கூண்டறைகள் கொண்ட கேப்சூல் ஹோட்டல் ஓரிரவு அனுபவத்துக்குச் சரி. பெட்டியை லாக்கரில் வைக்க வேண்டும். பல இடங்களில் சுத்தம் செய்வதற்காகப் பகலில் வெளியேறச் சொல்வார்கள். பெண்களுக்கு மட்டுமான தளமும் கேப்சூலும் இருக்கின்றன.

இன்னும் சில சிறிய வேலைகள். குடியேற்றம், சுங்கம் இரண்டுக்குமான விவரங்களை 'விசிட் ஜப்பான் வெப்' என்ற அரசுத் தளத்தில் முன்கூட்டியே நிரப்பினால் ஒரு கியூஆர் குறியீடு கிடைக்கும். அதைத் திரைப்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் 100 வோல்ட், செருகி இரண்டு தட்டைக் கம்பி. உருண்டைக் கம்பி செருகி நுழையாது, அதற்கு அடாப்டர் வேண்டும். ஹோட்டலின் பெயரும் முகவரியும் ஜப்பானிய எழுத்தில் கைபேசியில் இருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் மட்டும் கவனம். சாதாரண ஜலதோஷ மாத்திரை என்று நாம் நினைப்பதில் சூடோஎஃபெட்ரின் இருக்கலாம். அது 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. மருந்துப் பையை வீட்டிலேயே ஒருமுறை கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

விமான நிலையத்தில்: மூன்று காரியம்

இறங்கும் இடம் ஹானேடாவா நரித்தாவா என்பதைப் பொறுத்து அந்த நாளே மாறிவிடும். ஹானேடா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. கெய்க்யூ ரயிலில் ஷினகாவாவுக்கோ, மோனோரயிலில் ஹமமாத்சுசோவுக்கோ வந்தால் இரண்டுமே யமனோதே வளையத்தில் உள்ள நிலையங்கள். நரித்தா பக்கத்து மாகாணமான சிபாவில், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து கெய்செய் ஸ்கைலைனர் நிப்போரிக்கு 40 நிமிடத்துக்குள் வந்துவிடும். நரித்தா எக்ஸ்பிரஸ் டோக்கியோ நிலையத்துக்கு ஒரு மணி நேரம்போல எடுக்கும். டாக்சி மட்டும் வேண்டாம், அந்தக் காசில் இரண்டு இரவு தங்கலாம்.

வரவேற்புக் கூடத்தை விட்டு வெளியேறும் முன் மூன்று காரியத்தை முடியுங்கள்.

ஒன்று, பணம். வெளிநாட்டு அட்டையை ஏற்கும் ஏடிஎம் அங்கேயே இருக்கும். திரையில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா, யென்னிலா?" என்று கேட்டால் யென்னைத் தேர்ந்தெடுங்கள். சொந்த நாட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். அட்டை செல்லும் கடைகள் நிறைய வந்துவிட்டாலும் சிறிய உணவகம், கோயில், பயண அட்டைக்குப் பணம் ஏற்றும் இயந்திரம் என்று நோட்டு கேட்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

இரண்டு, சுயிக்கா அல்லது பாஸ்மோ என்ற பயண அட்டை. இரண்டில் எது கிடைத்தாலும் ஒன்றுதான். ரயில், சுரங்க ரயில், பேருந்து எல்லாவற்றிலும் தட்டிவிட்டுப் போகலாம். தானியங்கி விற்பனை இயந்திரத்திலும் கொன்பினி எனப்படும் சிறு பல்பொருள் கடையிலும் செல்லும். வெளிநாட்டவருக்கு 'வெல்கம் சுயிக்கா' என்று ஒன்று உண்டு: முன்வைப்புத் தொகை இல்லை, 28 நாள் செல்லும், மிச்சப் பணம் திரும்பக் கிடைக்காது. ஐபோன் வைத்திருப்பவர்கள் வாலட்டுக்குள்ளேயே சுயிக்காவைச் சேர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் இது வேலை செய்யாது. அவர்கள் பிளாஸ்டிக் அட்டையே வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று, இணையம். இ-சிம் போட்டிருந்தால் அங்கேயே ஒருமுறை வரைபடத்தைத் திறந்து வேலை செய்கிறதா என்று பாருங்கள். சரிசெய்ய ஆள் இருக்கும் கடைசி இடம் அது.

ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்வே நிறுவனங்களின் நாடு தழுவிய பயணச்சீட்டு) பற்றி எல்லோரும் கேட்பார்கள். டோக்கியோவுக்குள் மட்டும் சுற்றுகிறவருக்கு அது வீண் செலவு. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது.

முதல் மாலை: எங்கும் போகாதீர்கள்

ஹோட்டல்களில் அறை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும். முன்னாலேயே போய்விட்டால் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

அறைக்குள் பெட்டி போனதும் மீண்டும் நிலையத்துக்கு நடந்து போங்கள். ஆமாம், இப்போது வந்த வழியேதான். டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. முகவரி என்பது வட்டாரம், அதற்குள் ஒரு பிரிவு எண், அதற்குள் ஒரு தொகுதி எண், பிறகு கட்டட எண். "இந்தத் தெருவில் மூன்றாவது வீடு" என்ற கணக்கே செல்லாது. ஊர்க்காரர்களும் நிலைய வாசலிலிருந்து அடையாளம் வைத்துத்தான் வழி சொல்வார்கள். நீங்களும் அப்படியே வழி படியுங்கள்: வாசலில் மருந்துக்கடை, சிக்னல் தாண்டி அரிசிக்கடை, அங்கே இடது பக்கம். இரண்டு தடவை போய் வந்தால் மூன்றாவது தடவை கைபேசி வேண்டியிருக்காது.

நிலையத்தில் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது வாசலின் பெயர். நிப்போரியில் கிழக்கு வாசலில் இறங்கினால் துணிக்கடைத் தெரு இருக்கும் பக்கம், மேற்கே இறங்கினால் யனாக்கா என்ற பழைய குடியிருப்பு. ஒரே நிலையம், இரண்டு வேறு உலகம். தவறான வாசலில் வெளியேறி "நேராகப் போய் இடது" என்று நடந்தால் ஒவ்வொரு அடியும் உங்களை ஹோட்டலைவிட்டுத் தள்ளிக்கொண்டு போகும்.

திரும்பும் வழியில் ஒரு கொன்பினியைத் தேர்ந்தெடுங்கள். செவன்-இலெவன், ஃபேமிலிமார்ட், லாசன் இந்த மூன்றில் ஒன்று நிச்சயம் இருக்கும், பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். சோற்று உருண்டை, தண்ணீர், குடை, சாக்ஸ், ஏடிஎம் எல்லாம் அங்கேயே. அடுத்த இரண்டு நாளும் அதே கடைக்கே போங்கள். கல்லாவில் அவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்றுதான்: பை வேண்டுமா (2020 ஜூலையிலிருந்து பைக்குக் காசு), சூடாக்கித் தரவா, பாயிண்ட் அட்டை இருக்கிறதா. மூன்றாவது நாள் அந்த மூன்று கேள்விகளும் உங்கள் காதுக்குப் பிடிபட்டுவிடும். அதில் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கிறது.

காசைக் கையில் நீட்டாதீர்கள். கல்லாவில் ஒரு சிறு தட்டு இருக்கும், அதில் வையுங்கள். சில்லறை மலைபோலச் சேரும், ஏனென்றால் 500 யென் வரை நாணயம்தான். ஐந்து யென் நாணயத்தில் நமக்குத் தெரிந்த எண்ணே இருக்காது, எழுத்து மட்டும்தான். மஞ்சள் நிறம், நடுவில் ஓட்டை என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அதை 'கோ-என்' என்பார்கள். உறவு, பந்தம் என்று பொருள்படும் சொல்லும் அதே ஒலி என்பதால் கோயில் உண்டியலில் அதைத்தான் போடுவார்கள். இரண்டைத் தனியாக எடுத்து வையுங்கள், நாளைக்கு உதவும்.

பிறகு சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். ஜப்பான் நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால். அங்கிருந்து வருகிறவருக்கு இரவு தூக்கம் வராது, காலை விடியாது. அதனால்தான் இரண்டாம் நாளை நிதானமாகத் தொடங்கச் சொல்கிறேன்.

ரயிலைப் படிப்பது

டோக்கியோவில் புதியவர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். கொஞ்சம் நின்று படியுங்கள்.

முதலில், எல்லா ரயிலும் ஒரே நிறுவனம் அல்ல. யமனோதே ஜேஆருடையது. சுரங்க ரயிலில் டோக்கியோ மெட்ரோ 9 தடம், தோஎய் 4 தடம். இவை போகத் தனியார் ரயில்கள். சுயிக்காவைத் தட்டுகிறவருக்கு இது தெரிய வேண்டியதில்லை, ஆனால் நாள்பாஸ் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். 24, 48, 72 மணி நேரத்துக்கான சுற்றுலாச் சுரங்க ரயில் சீட்டு மெட்ரோவிலும் தோஎயிலும் செல்லும், யமனோதேயில் செல்லாது. வளையத்திலேயே ஏறி இறங்கிச் சுற்றும் நாளில் 'தொகுனாய் பாஸ்' எனப்படும் ஜேஆரின் ஒருநாள் சீட்டு பொருந்தும். அது 23 வார்டுகளுக்குள் ஜேஆர் ரயில்களுக்கு மட்டும்.

பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடத்துக்கும் நிறமும் எழுத்தும், ஒவ்வொரு நிலையத்துக்கும் எண்ணும் இருக்கின்றன. கின்சா தடம் என்றால் ஆரஞ்சு நிறம், ஜி எழுத்து. ஷிபுயா 1, உவேனோ 16, அசாகுசா 19. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் திசை சரியா என்று அடுத்த நிலையத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது நிறுத்தம். யமனோதே எல்லா நிலையத்திலும் நிற்கும். மற்ற பல தடங்களில் உள்ளூர், விரைவு, அதிவிரைவு என்று வகைகள் உண்டு. நான் மாட்டிக்கொண்டது இங்கே. டோக்கியோ நிலையத்தில் வடக்கே போகும் பச்சை நிற யமனோதேயும் வான்நீல நிறக் கெய்ஹின்-தோஹோகுவும் ஒரே நடைமேடையின் இரண்டு பக்கமும் வந்து நிற்கும். இரண்டும் தபாத்தா வரை இணையாகவே ஓடுபவை. நீலம் முதலில் வந்தது, ஏறினேன். பகல் நேரத்தில் அது விரைவு ரயிலாக ஓடும் என்று அப்போது தெரியாது. உவேனோ தாண்டியதும் நிப்போரி ஜன்னலுக்கு வெளியே அழகாக ஓடிப்போயிற்று. என் ஹோட்டலின் பெயர்ப்பலகைகூடத் தெரிந்தது. தபாத்தாவில் இறங்கி, படியேறி, எதிர்த் திசைப் பச்சை ரயிலில் திரும்பி வந்தேன். வாசலைத் தாண்டாததால் கூடுதல் காசு இல்லை, தூரத்துக்கான கட்டணம்தான். முதல் மூன்று நாள் சந்தேகம் வந்தால் பச்சைக்கே காத்திருங்கள். சில நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும்.

வெளியேறும்போது சுயிக்காவில் பணம் போதாவிட்டால் கதவு மூடிக்கொண்டு சத்தம் போடும். திருட்டு ஒன்றும் செய்யவில்லை, பயப்படாதீர்கள். வாசலுக்கு உள்ளேயே கட்டணத்தைச் சரிசெய்யும் இயந்திரம் இருக்கும், அதில் பணம் ஏற்றிவிட்டு வரலாம். ஏறிய நிலையத்திலேயே வெளியேற முயன்றாலும் அட்டை குழம்பும். ஓரத்தில் இருக்கும் ஊழியரிடம் அட்டையைக் காட்டினால் சரிசெய்து தருவார்.

அப்புறம் வாசல்கள். ஷின்ஜுகுவில் 200க்கு மேற்பட்ட வாசல்கள் இருக்கின்றன. இக்கேபுக்குரோவில் இன்னொரு வேடிக்கை: சேய்பு என்ற பெயரில் 'மேற்கு' இருக்கிறது, ஆனால் அந்தப் பேரங்காடி கிழக்கு வாசலில். தோபுவின் பெயரில் 'கிழக்கு' இருக்கிறது, அது நிற்பது மேற்கு வாசலில். பெயரை நம்பாமல் மஞ்சள் பலகையில் உள்ள வாசல் எண்ணை நம்புங்கள். கூகுள் வரைபடம் எந்த எண் வாசலில் வெளியேற வேண்டும் என்று சொல்லும். தரைக்கு அடியில் ஜிபிஎஸ் புள்ளி தடுமாறும் என்பதால் ரயிலில் இருக்கும்போதே எண்ணைப் பார்த்து வைத்துவிடுங்கள். வெளியேறும் வாசல் தெரியாமல் கதவைத் தாண்டக் கூடாது. நான் முக்கால் மணி நேரம் கொடுத்து வாங்கிய பாடம் இது.

நெரிசல் நேரம் வேலை நாட்களில் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை. அதில் ஏறாமலிருக்கப் பாருங்கள். அந்த நேரத்தில் சில தடங்களில் பெண்களுக்கு மட்டுமான பெட்டி இருக்கும், நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்பில் எழுதியிருப்பார்கள். பெட்டிக்குள் கைபேசியில் பேச மாட்டார்கள். முதுகுப் பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். நகரும் படிக்கட்டில் டோக்கியோக்காரர்கள் இடது பக்கம் நிற்பார்கள்.

கடைசி ரயில் நள்ளிரவுக்கும் ஒரு மணிக்கும் இடையில் போய்விடும். அதன் பிறகு அதிகாலை நாலரை, ஐந்து மணி வரை டாக்சிதான். இரவு 10 முதல் காலை 5 வரை டாக்சிக் கட்டணம் 20 சதவீதம் கூடுதல். டாக்சியின் பின்கதவு தானாகத் திறந்து மூடும், கைவைக்க வேண்டாம்.

இரண்டாம் நாள்: வளையத்தின் மேற்குப் பக்கம்

காலை பத்து மணிக்குக் கிளம்புங்கள், நெரிசல் அடங்கியிருக்கும். நிப்போரியிலிருந்து இக்கேபுக்குரோ வழியாக ஹராஜுக்கு வரை உட்கார்ந்தே போகலாம். இறங்கியவுடன் மெய்ஜி ஜிங்கு. ஷின்தோ என்ற ஜப்பானியச் சமயத்துக்காக 1920ல் கட்டிய வழிபாட்டிடம். சுற்றியுள்ள காடு இயற்கையாக வளர்ந்ததுபோலத் தெரியும். நாடெங்கும் இருந்து மக்கள் கொடுத்த ஏறக்குறைய ஒரு லட்சம் மரங்களை வைத்து உருவாக்கியது. நுழைவில் தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிவிட்டு, உண்டியலில் நேற்று எடுத்துவைத்த ஐந்து யென்னைப் போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவார்கள். வேடிக்கை மட்டும் பார்த்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அங்கிருந்து ஷிபுயாவுக்கு நடந்தே போய்விடுங்கள், 20 நிமிடம். புகழ்பெற்ற சாலைக் கடப்பைப் பாருங்கள், ஹச்சிகோ நாய்ச் சிலையைப் பாருங்கள். இறந்துபோன எஜமானுக்காக ஒன்பது ஆண்டுக்கு மேல் நிலையத்தில் காத்திருந்த நாய் அது. 1934ல் சிலை திறந்தபோது நாய் உயிரோடு இருந்தது. இரண்டையும் பார்க்க அரை மணி நேரம் போதும். நாள் முழுவதையும் ஷிபுயாவில் கழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்குப் புரியவில்லை.

மாலை மங்கும் நேரத்துக்கு ஷின்ஜுகு. மேற்கு வாசலில் வெளியேறிப் பத்து நிமிடம் நடந்தால் டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடம். அதன் 45ஆம் தளத்தில், 202 மீட்டர் உயரத்தில் பார்வைக்கூடம், கட்டணம் இல்லை. மூடும் நாட்களை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வேறு கோபுரங்களில் ஏறும் முன் இங்கே ஏறிப் பாருங்கள். கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்போது, அன்று போய் வந்த நிலையங்கள் எங்கெங்கே என்று தேடிப் பிடிக்கலாம். அவ்வளவுதான், அன்றைக்கு வேறு இடம் சேர்க்காதீர்கள்.

தனியாகச் சாப்பிடுவது

தனியாகச் சாப்பிடுகிறவரை யாரும் திரும்பிப் பார்க்காத ஊர் இது. ராமென், சோபா என்ற நூடுல்ஸ் வகைகளும் கறிச்சோறும் விற்கும் சிறிய கடைகளில் ஒற்றை ஆளுக்கான நீண்ட மேசைதான் இருக்கும். பல கடைகளில் வாசலிலேயே சீட்டு இயந்திரம்: காசு போட்டு, படத்தை அழுத்தி, வரும் சீட்டை மேசைமேல் வைத்தால் சாப்பாடு வரும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். தண்ணீர் இலவசம், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். டிப்ஸ் கிடையாது; வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள்.

இசக்காயா எனப்படும் மதுக்கடைகளில் நீங்கள் கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணம் வரும். அதற்கு 'ஓதோஷி' என்று பெயர், இருக்கைக் கட்டணம் மாதிரி பில்லில் சேரும். ஏமாற்று இல்லை, வழக்கம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் சிரமம். காய்கறி மட்டும் தெரியும் சூப்பிலும் 'தாஷி' என்ற மீன் சாறு இருக்கும். மிசோ சூப், உதோன், சோபாக் குழம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. "இறைச்சி, மீன், மீன் சாறு சாப்பிட மாட்டேன்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு குறிப்பைக் கைபேசியில் வைத்துக் காட்டுங்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். அவசரத்துக்கு ஒக்காச்சிமாச்சியிலும், வளையத்துக்கு வெளியே நிஷி-கசாய் பக்கத்திலும் இந்திய உணவகங்கள் உண்டு. அசைவத்தில் ஒன்றைத் தவிர்க்கிறவர்கள் மூன்று சொல் தெரிந்து வைத்திருங்கள்: 'கியூ' மாடு, 'பூத்தா' பன்றி, 'தோரி' கோழி.

சாப்பிட்ட பொட்டலத்தைப் போடக் குப்பைத்தொட்டி தேடுவீர்கள், கிடைக்காது. 1995ல் சுரங்க ரயிலில் நச்சுவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டார்கள். ஒரு பையில் சேர்த்து அறைக்குக் கொண்டுபோங்கள்.

ஐந்து வார்த்தை

'சுமிமாசென்' ஒன்றை வைத்தே பாதி நாளை ஓட்டலாம்: மன்னிக்கவும், கொஞ்சம் வழி, கேளுங்க, நன்றி, எல்லாம் அதுதான். 'ஹிதோரி தெசு', ஒரு ஆள். 'கொரே குதாசாய்', இதைக் கொடுங்கள். 'தைஜோபு தெசு', வேண்டாம் பரவாயில்லை. 'தோகோ தெசு கா', எங்கே. கடைசியில் வரும் 'கா'தான் கேள்விக் குறி, நம் 'ஆ' மாதிரி. வினைச்சொல்லும் நம்மைப்போலவே கடைசியில் வரும். அதனால் தமிழில் யோசித்து வார்த்தையை மட்டும் மாற்றிப்போட்டால் வாக்கியம் ஓரளவு வந்துவிடும். ஆங்கிலம் வழியாகப் போனால்தான் தலைகீழாகும்.

பாதுகாப்பு

ஊர் பாதுகாப்பானதுதான். பணப்பையைத் தொலைத்தாலும் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. முக்கிய நிலையங்களின் பக்கத்தில் 'கோபான்' என்ற சிறிய காவல் சாவடி இருக்கும், சிவப்பு விளக்கு அடையாளம். வழி கேட்கவும் அங்கே போகலாம். காவல் அழைப்பு 110. தீ, ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் 119. வெளிநாட்டுப் பயணிகள் கடவுச்சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நகல் போதாது.

ஒரே ஒரு எச்சரிக்கை கபுகிச்சோ, ரொப்போங்கி என்ற கேளிக்கை வட்டாரங்களின் இரவுகளுக்கு. தெருவில் வந்து "நல்ல கடை, குறைந்த விலை" என்று அழைப்பவரின் பின்னால் போகாதீர்கள். எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி. உள்ளே போனபின் பில்தான் பேசும்.

நிலம் அதிரலாம். நில அதிர்வு எச்சரிக்கை வந்தால் எல்லார் கைபேசியும் ஒரே நேரத்தில் அலறும், முதல்முறை அதுதான் அதிகம் பயமுறுத்தும். வெளியே ஓடாதீர்கள். மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொள்ளுங்கள், லிஃப்டில் ஏறாதீர்கள். தெருவில் இருந்தால் கண்ணாடிச் சுவர்களைவிட்டு விலகுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அசையாமல் நின்றால் நீங்களும் நில்லுங்கள். 'சேஃப்டி டிப்ஸ்' என்ற செயலியைப் போட்டு வைத்தால் ஆங்கிலத்தில் அறிவிப்பு வரும்.

மூன்றாம் நாள்: விடிகாலையும் சொந்தத் தெருவும்

இன்றைக்கு முதல்முறையாக நிறுவனம் மாறிப் பழகுங்கள். நிப்போரியிலிருந்து யமனோதேயில் இரண்டு நிறுத்தம், உவேனோ. அங்கே வெளியேறிக் கின்சா தடத்துக்கு நடந்தால் மூன்று நிறுத்தத்தில் அசாகுசா. 1927ல் டோக்கியோ சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது இந்த உவேனோ - அசாகுசாத் துண்டில்தான், ஆசியாவின் மிகப் பழைய சுரங்கப் பாதை.

ஏழு மணிக்குள் போய்விடுங்கள். அங்குள்ள சென்சோஜி என்ற புத்தக் கோயிலின் பெரிய சிவப்பு விளக்குக்குக் கீழே பகலில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் கடைகளின் இரும்புக் கதவுகள் மூடியிருக்கும், கதவுகளில் வரைந்த ஓவியங்களை அப்போதுதான் பார்க்க முடியும். வேலைக்குப் போகிறவர்கள் வழியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சுமிதா ஆற்றில் 628ஆம் ஆண்டு மீன் பிடித்த சகோதரர் இருவரின் வலையில் கருணையின் வடிவமான கண்ணோனின் சிலை ஒன்று சிக்கியது என்பது கோயிலின் கதை.

ஒன்பதரைக்கு நெரிசல் அடங்கியதும் திரும்பினால் நாள் முழுவதும் கையில் இருக்கும். அதை உங்கள் நிலையத்தைச் சுற்றியே செலவழியுங்கள். என் கணக்கில் அது யனாக்கா. 1923 நிலநடுக்கத்திலும் போர்க்காலக் குண்டுவீச்சிலும் பெரும்பகுதி தப்பிய வட்டாரம் என்பதால் மரவீடுகளும் சின்னக் கோயில்களும் மிச்சம் இருக்கின்றன. ஷோகுன் எனப்பட்ட படைத்தலைவ ஆட்சியாளர்களில் கடைசியானவரான தொகுகாவா யோஷினோபுவின் சமாதி அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அதன் குறுக்கே நடந்தே உவேனோ பூங்காவுக்குப் போய்விடலாம். 1872ல் தொடங்கிய டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் அங்கேதான். திங்களன்று பெரும்பாலும் விடுமுறை.

மாலை ஐந்து மணிவாக்கில் எங்கோ ஒலிபெருக்கியில் மெல்லிய இசை கேட்கும். பேரிடர் அறிவிப்புக் கருவிகள் வேலை செய்கின்றனவா என்று வார்டு அலுவலகங்கள் தினமும் சோதிக்கும் வழி அது. குழந்தைகளுக்கு வீட்டுக்குப் போகும் நேரம் என்பதற்கான அறிகுறியும்கூட. நான் அதைக் கேட்டபோது நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் நடுவில் நின்றிருந்தேன், கைபேசி பையில் இருந்தது.

நான்காம் நாள் வளையத்தைத் தாண்டலாம். காமகுரா நல்ல தொடக்கம்: டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா தடத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ரயில் மாற வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தடத்தின் நடைமேடை தரைக்கு அடியில் ஐந்தாம் தளத்தில் இருக்கிறது. யமனோதேயில் இறங்கி அங்கே போய்ச் சேரப் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.